பினாங்குச் சொந்தங்களைத் தேடி முதன்முறையாக வருவோருக்கு

தாத்தாவின் தம்பியோ பாட்டியின் தமக்கையோ ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி மலேசியாவின் பினாங்கில் வந்திறங்கியிருப்பார்கள். சில ஆண்டுகள் கடிதம் வந்து, பிறகு அதுவும் நின்றுபோயிருக்கும். அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஒருமுறையாவது நேரில் கண்டுவிட வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து புறப்படும் உறவினர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் அப்படி வந்தவர் ஒருவரின் பேத்தி, பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். 2014-இலும் 2019-இலும் எங்களைத் தேடி ஊரிலிருந்து உறவினர்கள் வந்தார்கள். முதல் வருகையில் நாங்கள் செய்த தவறுகளிலிருந்தும் இரண்டாம் வருகை நல்லபடியாக நடந்ததிலிருந்தும் கற்றுக்கொண்டவற்றையே இங்கே சொல்கிறேன். நாங்கள் 'ஊர்' என்று சொன்னால் அது இந்தியாவைக் குறிக்கும். இந்நாட்டிலேயே பிறந்து, ஊரை ஒருநாளும் பார்த்திராதவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வம்சாவளியை எழுதிக்கொண்டு வாருங்கள்

விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு பெரிய தாளில், கப்பலேறியவரின் பெற்றோரிலிருந்து தொடங்கி, அவருடன் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக எழுதுங்கள். ஆண்வழியை மட்டும் எழுதிவிட்டுப் பெண்களை விட்டுவிடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. இங்கே உயிரோடிருக்கும் மூத்தவர்களில் பலர் பெண்கள். தாளைக் கையில் வாங்கியதும் தங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்றுதான் அவர்கள் தேடுவார்கள்.

வம்சாவளி இருந்தால்தான் முறை தெரியும். தலைமுறைகள் வயதோடு ஒத்துப் போவதில்லை. நாற்பது வயதுக்காரர் உங்களுக்குச் சித்தப்பா முறையாகவும், அறுபது வயதுக்காரர் தம்பி முறையாகவும் இருக்கக்கூடும். பங்காளி வழியில் வந்தவரை 'மாமா' என்று அழைத்துவிட்டால் பெரியவர்கள் மனம் சங்கடப்படும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'எனக்கு இன்ன முறை' என்று பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டால் வாசலிலேயே தடுமாற வேண்டியிருக்காது. இங்குள்ள இளையவர்கள் உங்களை 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்று அழைத்தால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முறையைச் சொல்லிக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வார்கள்.

முகவரி தெரியாமல் தேடுகிறவர்களுக்கு மிகப் பெரிய துப்பு, அவர்கள் வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தின் பெயர். பழைய கடிதத்தின் உறையிலோ, மணியார்டர் துண்டிலோ, ஸ்டூடியோவில் எடுத்த புகைப்படத்தின் பின்புறத்திலோ அது இருக்கலாம். ஒரு தோட்டத்துக்குப் பலகையில் ஆங்கிலப் பெயர் ஒன்றும், பால்வெட்டுக்காரர்களின் வாயில் வேறு பெயர் ஒன்றும் இருந்ததுண்டு. எது கிடைத்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். மலேசிய ஆவணங்களில் ஒருவருடைய பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே, மகன் என்பதற்கு 'அனாக் லெலாக்கி' என்றும் மகள் என்பதற்கு 'அனாக் பெரெம்புவான்' என்றும் பொருள்படும் சுருக்கக் குறி வரும். பழைய பிறப்புப் பத்திரங்களில் பெயர்களை அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், கூடப் பிறந்தவர்களின் பத்திரங்களிலேயே தந்தையின் பெயர் மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலை வைத்து இணையத்தில் தேடிவிட்டு 'கிடைக்கவில்லை' என்று கைவிட வேண்டாம். இங்குள்ள தமிழ் நாளிதழ்களில் வரும் நினைவஞ்சலி விளம்பரங்களும் பெரிதும் உதவும். இறந்தவரின் படத்தோடு மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று எல்லாப் பெயர்களும் அவற்றில் அச்சாகும். பல வீடுகளில் அந்தத் துண்டுகளைச் சாமிப் படத்துக்குப் பின்னாலோ நெகிழித் தாளிலோ பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

எழுதும்போது சில இடங்களில் பெயரோடு கதை அறுந்து நிற்கும். அதற்கான காரணங்களைத் தெரிந்துகொண்டு வந்தால் தவறான கேள்வி கேட்க மாட்டீர்கள். தோட்டங்களுக்குக் கங்காணி என்ற மேஸ்திரி வழியே ஆள் சேர்ப்பது 1938-இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுக்கு வந்தது. அடுத்து 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கடிதப் போக்குவரத்து நின்றது. அந்தக் காலத்தில்தான் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள், பெருந்தொகையினர் திரும்பவில்லை. 'சயாமுக்குப் போனார்' என்று ஒரு பெரியவர் சொல்லி நிறுத்தினால், அதற்கு மேல் துருவ வேண்டாம். இறந்த நாள் தெரியாததால் அவர்களுக்கு அமாவாசையில் படைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். தகப்பன் அங்கே, மகன் இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் பலவும் அப்போது உண்டானவை.

நாள் குறிக்கும்போது

பினாங்குச் சொந்தம் என்று நீங்கள் சொல்லும் குடும்பம் பெரும்பாலும் தீவில் மட்டும் இருக்காது. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் ஆகியவை பெருநிலப் பகுதியில் உள்ளன; சுங்கைப் பட்டாணியும் கூலிமும் அடுத்த மாநிலமான கெடாவில் உள்ளன. பினாங்கில் வார விடுமுறை சனி, ஞாயிறு; கெடாவில் வெள்ளி, சனி. இரு மாநிலத்துச் சொந்தங்களும் ஒன்றாகச் சேரக்கூடிய நாள் சனிக்கிழமை ஒன்றே. இதை அறியாமல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடல் வைத்தால் பாதிப் பேர் வர முடியாமல் போகும். பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் மாற்றுநேர வேலை பார்ப்பவர்களும் பலர் இருப்பதால், ஒரு மாதத்துக்கு முன்பே தேதியைச் சொல்லிவிடுங்கள்.

தீபாவளியில் வந்தால், வருவோர் எல்லோருக்கும் விருந்து வைக்கும் 'திறந்த இல்ல உபசரிப்பு' நடக்கும். எல்லோரையும் பார்க்கலாம், ஆனால் யாரோடும் உட்கார்ந்து பேச முடியாது. தைப்பூசத்துக்கு வருவதையே நான் விரும்பிச் சொல்வேன். பினாங்கில் அன்று பொதுவிடுமுறை. முதல் நாள் நகரத்தாரின் வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு, வழிநெடுக உடையும் தேங்காய்களுக்கிடையே தண்ணீர்மலை போய்ச் சேரும். மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். மூத்தவர்கள் அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலிலேயே இருந்துகொள்வார்கள். ஆண்டுதோறும் ஒரே பந்தலில் கூடும் குடும்பங்கள் இருப்பதால், தேடாமலே பல சொந்தங்களை அங்கே பார்த்துவிடலாம். எனினும் பூசத்துக்குப் பிறகு மூன்று நான்கு நாளாவது தங்கும்படி திட்டமிடுங்கள். தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

பயண ஏற்பாடு

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாத நுழைவை மலேசியா அளித்து வருகிறது. இது காலவரையறையோடு நீட்டிக்கப்படும் சலுகை என்பதால் சீட்டு எடுக்கும் முன் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் சரிபாருங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் சீட்டும் கையில் இருக்க வேண்டும். மின்னியல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் பக்கம் போலியானது. உறவினர் வீட்டில் தங்குவதானால் அஞ்சல் குறியீட்டோடு முழு முகவரியையும் அவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரில் இறங்கினால், கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து மின்ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த்துக்கு வரும். ரயில் நிலையத்தை ஒட்டியே தீவுக்குச் செல்லும் ஃபெர்ரித் துறை இருக்கிறது. விமானத்தில் நேரே பினாங்குக்கு வந்தால் நிலையம் தீவின் தென்பகுதியில் இருப்பதால், 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வர வேண்டியிருக்கும். பட்டர்வொர்த்திலிருந்து புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால், சுங்கைப் பட்டாணி ஆகிய ஊர்களுக்குக் கம்யூட்டர் ரயில் உண்டு. வேலைக்குப் போகும் உறவினர்களை ஒவ்வொரு பயணத்துக்கும் காடி (கார்) எடுக்கச் சொல்லிச் சிரமப்படுத்தாமல் இருக்க இது போதும். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். மின்செருகி சதுர முனைகள் மூன்று கொண்டது. ரிங்கிட்டை இங்கே 'வெள்ளி' என்றும், 'சென்' என்ற சில்லறையைக் 'காசு' என்றும் சொல்வோம்.

என்ன கொண்டுவர வேண்டும்

பட்டுப்புடவையும் முறுக்கும் கொண்டுவருவதில் தவறில்லை. ஆனால் இங்குள்ள குடும்பங்கள் ஏங்கி எதிர்பார்ப்பது குலதெய்வத்தைப் பற்றிய விவரத்தைத்தான். கப்பலேறியவர்களோடு அந்த நினைவும் தேய்ந்துபோய், 'ஒரு ஐயனார் என்று அப்பா சொல்வார்' என்ற அளவில் நிற்கும் வீடுகள் மிகுதி. கல்யாணம், காதுகுத்து என்று வரும்போது எந்தத் தெய்வத்துக்கு முடிந்து வைப்பது என்று தெரியாமல் தவித்தவர்களை நான் அறிவேன். கோயில் இருக்கும் ஊர், வட்டம், எந்தச் சாலையில் எப்படிப் போவது, பூசாரி குடும்பத்தின் தொடர்பு, ஆண்டுப் படையல் எந்த மாதம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, கோயிலின் புகைப்படங்களோடும் சிறிது திருநீறு குங்குமத்தோடும் கொண்டுவாருங்கள். அந்தத் தாளைச் சட்டமிட்டு மாட்டுவார்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறோம்.

பழைய வீடு, குளம், தெரு இவற்றின் புகைப்படங்களைக் கைப்பேசியில் மட்டும் வைத்திராமல் பெரிதாக அச்சிட்டு வாருங்கள். கண் மங்கியவர்கள் கையில் பிடித்துப் பார்ப்பார்கள். செடி, விதை, பழம், இறைச்சி போன்றவற்றை அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'மலேசியாவில் இருக்கும் எங்கள் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்' என்று முன்பின் தெரியாதவர் தரும் பொட்டலத்தை எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம். போதைப்பொருளுக்கு இந்நாட்டுச் சட்டம் மிகக் கடுமையானது.

முதலில் மூத்தவர் வீடு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: எத்தனை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தாலும், குடும்பத்தில் உயிரோடிருக்கும் மிக மூத்தவரின் வீட்டுக்கு முதலில் போங்கள், அன்று வேறெங்கும் போகாதீர்கள்.

2014-இல் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியும் அவர் மனைவியும் ஆறு நாளைக்கு வந்தார்கள். நாங்கள் ஆசையோடு கொடிமலைக்கும் கெக் லோக் சி கோயிலுக்கும் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கும் கூட்டிப்போனோம். நாளுக்கு மூன்று வீடு என்று விருந்துக்கு அழைத்துச் சென்றோம். சுங்கைப் பட்டாணியில் இருந்த பெரியத்தை வீடு தொலைவு என்பதால் கடைசி நாளுக்குத் தள்ளினோம். ஒன்பது வயதில் ரஜூலா கப்பலில் வந்தவர் அவர். ஊர் நினைவு உள்ளவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவரே. சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மேலத் தெரு புளியமரம் இருக்கா? கெணத்துக்குப் பக்கத்துல எங்கம்மா ஒரு அம்மி போட்டிருந்தாங்களே, அது யார்கிட்ட இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார். ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. அம்மியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் எழுந்தோம். "சரி, அடுத்த தடவ சொல்றேன்" என்றார். அடுத்த ஆண்டு அவர் காலமானார். அந்த அம்மியைப் பற்றி அவர் சொல்ல வந்தது என்ன என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எனவே மூத்தவருக்கு முழு நாள் கொடுங்கள். காலையில் போங்கள், பிற்பகலில் அவர்கள் களைத்துவிடுவார்கள். வாசலில், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார்கள், காலை உணவு ஆயிற்றா என்று பொருள். 'ஆயிற்று' என்று சொன்னாலும் உட்காரவைத்துப் பரிமாறுவார்கள், ஆதலால் அரைவயிறாகப் போவதே நல்லது. அனுமதி கேட்டு, குரலைப் பதிவு செய்யுங்கள். முதல் கேள்வியாக ஆண்டையோ கப்பல் பெயரையோ கேட்காமல், உணவு, விளையாட்டு, கோயில் திருவிழா, தோட்டத்துக் குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகை, வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டு என்று தொடங்கினால் பேச்சு தானாக வரும்.

2019-இல் வந்த சித்தப்பாவின் மகள் இதைச் சரியாகச் செய்தாள். வந்த மறுநாளே சின்னத்தை வீட்டுக்குப் போய், தரையில் பாய் விரித்து வம்சாவளித் தாளைப் பரப்பினாள். கைக்குழந்தையாகக் கப்பலேறிய சின்னத்தையின் பெயருக்கு எதிரே, ஊரில் ஒருவருக்கும் தெரியாததால், 'விவரம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. சின்னத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தினார். "விவரம் இந்தா உக்காந்திருக்கு, எழுதிக்க" என்றார். அன்று மாலைக்குள் அந்தத் தாளில் முப்பத்திரண்டு பெயர்கள் கூடின.

துக்கம் கேட்பது

இத்தனை ஆண்டுகளில் இரு பக்கமும் நடந்த சாவுகளுக்கு ஒருவருக்கொருவர் போக முடியவில்லை என்ற வருத்தம் எல்லாக் குடும்பத்திலும் உள்ளே கிடக்கிறது. தந்தி பிந்தி வந்திருக்கும். அல்லது வராமலே போயிருக்கும். சிரித்துப் பேசிப் படம் எடுப்பதற்கு முன், இறந்தவர்களின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டு, "கடைசிக் காலத்துல எப்படி இருந்தாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் பக்கத்து மரணங்களையும் நீங்களே சொல்லுங்கள். அப்போது அழுகை வரும், வரட்டும். முதல் வருகையில் இதைச் செய்யாததால், அன்பாகப் பேசிக்கொண்டிருந்தபோதும் எதையோ தாண்டிப் போவது போலவே இருந்தது. முடிந்தால் ஒரு மாலையோடு அடக்கம் செய்த இடத்துக்கும் போய் வாருங்கள். பழைய கல்லறைகள் சிலவற்றில் பிறந்த ஊரின் பெயரைத் தமிழில் பொறித்திருப்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலம், பணம், வேலை

முதல் வருகையில் சொத்துப் பத்திரம் எதையும் கொண்டுவராதீர்கள். பூர்வீக நிலத்தில் பங்கு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து என்ற பேச்சு எழுந்துவிட்டால், அதுவரை சொன்ன அன்பெல்லாம் அதற்காகத்தானோ என்ற ஐயம் இங்குள்ளவர்களுக்கு வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கூடிய உறவு இரண்டாம் நாளே அப்படி முறிந்தது. அவசியமான விவகாரமானால் ஊர் திரும்பிய பின், முறையாக எழுதிக் கேளுங்கள். இங்குள்ளவர்கள் பக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் எதையோ கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைப்பவர்களும் எங்களுள் உண்டு, அது தவறு.

வேலை வாங்கித் தரும்படி கேட்பதும் வேண்டாம். பார்வையாளராக வந்தவர் வேலை செய்யச் சட்டம் இடம் தரவில்லை. 30 நாளுக்கு மேல் தங்கினால் உங்களுக்கு மட்டுமன்றி, வீட்டில் வைத்திருந்தவருக்கும் சிக்கல் வரும். பிள்ளைகள் கையில் ஐந்தோ பத்தோ வெள்ளி வைத்து ஆசீர்வதித்தால் போதும். திரும்பும்போது அவர்கள் கோடாலித் தைலமும் மைலோவும் பினாங்கு ஜாதிக்காயும் பெட்டி நிறைய வைப்பார்கள். எடையைச் சொல்லி, நிறுத்துப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கூடும் நாளும், தோட்டமும்

மூத்தவர்களைப் பார்த்த பிறகுதான் பெரிய ஒன்றுகூடல். தாமான் (குடியிருப்பு) மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ வைத்துக்கொண்டால் எந்த ஒரு வீட்டுப் பெண்களும் சமையற்கட்டில் நாள் முழுவதும் நிற்க வேண்டியிருக்காது. செலவில் உங்கள் பங்கைக் கட்டாயம் கொடுங்கள். வம்சாவளித் தாளைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் பேனா வையுங்கள். தேசியப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் படித்த பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், சிலருக்குப் படிக்க வராது. தமிழோடு ஆங்கில எழுத்திலும் பெயர்களை எழுதிவிட்டால் அவர்களும் வந்து தங்களைத் தேடிக்கொள்வார்கள். அன்றைய சமையல் சைவமா அசைவமா என்று முதலிலேயே கேளுங்கள். பூச விரதமும் புரட்டாசியும் இங்கே மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன.

தோட்டத்தைப் பார்க்க விரும்பினால், அங்கே வாழ்ந்த ஒருவரோடு போங்கள். பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கும், லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் இடிக்கப்பட்டிருக்கும், சில இடங்களில் வீட்டுமனைகளே எழும்பியிருக்கும். பெரும்பாலும் எஞ்சியிருப்பது மாரியம்மன் கோயிலோ முனீஸ்வரர் மேடையோதான். வாயிற்காவலரிடம் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும். எங்கள் தாத்தா பால் வெட்டிய இடத்தில் கோயிலுக்குப் பின்னால், ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. 2019-இல் வந்த அந்தத் தங்கை, சித்தப்பாவின் மகள், அதைக் கழுவித் துடைத்துத் தன் தகப்பனாருக்காக எடுத்துப் போனாள்.

புறப்படும் முந்தைய நாளில் மூன்று வேலைகள் இருக்கின்றன. நிறைவு செய்த வம்சாவளியை நகலெடுத்து மூத்தவர் வீட்டிலும் ஒன்றுகூடலை நடத்தியவர் வீட்டிலும் ஒவ்வொன்று வைத்துவிடுங்கள். எடுத்த படங்களில் இருப்பவர் யார் யார் என்று அன்றே, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். ஊருக்குப் போனபின் அடையாளம் சொல்ல ஆள் இருக்காது. வாட்ஸ்அப் குழு தொடங்கினால் மட்டும் போதாது, கைப்பேசி வைத்திராத மூத்தவர்களுக்கு எந்தக் கிழமை, யார் எண்ணுக்கு அழைத்தால் அவர்களிடம் பேச முடியும் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சின்னத்தைக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, இந்திய நேரம் ஏழரை. தங்கை இன்றும் அந்த நேரத்தில்தான் அழைக்கிறாள்.